அழகர் வரும் சாலையில் ஒரு மாரத்தான் பாடம்!

மதுரைக்காரர் யாரிடமாவது "அழகர்கோயில் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். "இருபது, இருபத்தொரு கிலோமீட்டர் இருக்கும்" என்று சட்டென்று பதில் வரும். அரை மாரத்தானின் தூரம் 21.0975 கிலோமீட்டர். மீனாட்சியம்மன் கோயில் பக்கமிருந்து அழகர்கோயில் போய்த் திரும்பினால், கிட்டத்தட்ட ஒரு முழு மாரத்தான்!

இந்தத் தூரத்தை ஆண்டுதோறும் சித்திரையில் கடந்து வருகிறவர் கள்ளழகர். மலையடிவாரக் கோயிலிலிருந்து மாலையில் புறப்படுகிறார். மறுநாள் காலை மூன்றுமாவடியில் எதிர்சேவை. அன்றிரவு தல்லாகுளம். அதற்கடுத்த விடியலில் வைகை. வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். எந்த மண்டபத்துக்கு எத்தனை மணிக்கு வருவார் என்பது முன்கூட்டியே அச்சடித்து ஊருக்கே தெரிவிக்கப்படும். எங்கே நிற்க வேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே கூட்டம் நெரியும் என்பதெல்லாம் கூடவே நடக்கிற பக்தர்களுக்கு அத்துப்படி.

மாரத்தான் ஓட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான். காலைப் பழக்கினால் மட்டும் போதாது. சாலையையும் பழக வேண்டும். பந்தய நாளில் எந்த வளைவும், எந்த வெயிலும் புதிதாக இருக்கக் கூடாது.

உள்ளூர்க்காரர் ஜெயித்த கதை

1896 ஏப்ரல் 10. ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் மாரத்தான். அப்போது தூரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். 17 பேர் கிளம்பினார்கள். பிரான்ஸ் வீரர் லெர்முசியோ ஆரம்பத்திலேயே பாய்ந்து வெகுதூரம் முன்னால் போனார். ஆனால், அந்தப் பாதை பத்தாவது கிலோமீட்டருக்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறும் பாதை. முப்பதைத் தாண்டிய பிறகுதான் இறங்கும். லெர்முசியோ 32-வது கிலோமீட்டர் வாக்கில் ஓட முடியாமல் விலகினார். அடுத்து முன்னிலைக்கு வந்த ஆஸ்திரேலியர் ஃபிளாக்கும் ஊர் எல்லை நெருங்கும்போது சுருண்டு விழுந்தார்.

ஜெயித்தவர் ஸ்பிரிடோன் லூயிஸ். ஏதென்ஸுக்குப் பக்கத்து ஊரில் தண்ணீர் சுமந்து விற்ற குடும்பத்துப் பிள்ளை. 2 மணி 58 நிமிடம் 50 விநாடி. ஏற்றமும் வெயிலும் அவருக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். இன்னொரு வேடிக்கை: மூன்றாவதாக வந்த கிரேக்க வீரர் வழியில் கொஞ்ச தூரம் குதிரை வண்டியில் ஏறி வந்தது தெரிந்து, அவர் பரிசைப் பறித்துவிட்டார்கள்!

இன்று எல்லோரும் சொல்லும் 42.195 கிலோமீட்டர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்த கணக்கு. 1921-ல் அதுவே உலகம் முழுவதற்கும் நிலையான அளவானது.

ஆசை மட்டும் போதுமா?

மதுரையில் இப்போது வருடத்துக்குப் பல ஓட்டங்கள் நடக்கின்றன. ரத்ததானம், புற்றுநோய் விழிப்புணர்வு, போதை ஒழிப்பு என்று ஏதாவது ஒரு நோக்கத்தோடு 5, 10, 21 கிலோமீட்டர். ஒரு டி-ஷர்ட், ஒரு மெடல், நண்பர்களோடு ஒரு செல்ஃபி. முந்தின நாள் வரை ஓடியே பழகாதவர்கள்கூடப் பெயர் கொடுத்துவிடுகிறார்கள்.

2024 ஜூலையில் மதுரையில் நடந்த அப்படியொரு ஓட்டத்தில் கலந்துகொண்ட கல்லூரி மாணவர் ஒருவர், ஓடி முடித்த சிறிது நேரத்தில் உடல்நிலை மோசமாகி மருத்துவமனையில் இறந்துபோனார். பல வீடுகளில் அன்று பெற்றோர் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி, "இதுக்கெல்லாம் பழகித்தான் ஓடுறியா?" என்பதுதான். நியாயமான கேள்வி. மாரத்தானுக்குத் தயாராவது என்பது பந்தயத்தில் பேர் வாங்குவதற்கு மட்டுமல்ல. பத்திரமாக வீடு திரும்புவதற்கும்தான்.

எனவே முதல் வேலை, ஷூ வாங்குவது அல்ல, டாக்டரைப் பார்ப்பது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும், வீட்டில் யாராவது சிறு வயதில் மாரடைப்பால் இறந்திருந்தால் அந்தக் குடும்பத்தினரும், நடக்கும்போதே நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தவர்களும் பரிசோதனை முடிக்காமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

ஊரே ஒரு மைதானம்

டாக்டர் சரி என்றுவிட்டாரா? இனி ஓட இடம் வேண்டும். மதுரையில் அதற்குப் பஞ்சமில்லை.

முதலிடம் ரேஸ்கோர்ஸ். எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் இருக்கும் இந்த இடத்துக்கு, ஒரு காலத்தில் குதிரைகள் ஓடியதால் வந்த பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதுரைக்குக் கிழக்கே இருக்கும் சக்கிமங்கலத்தில், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்தவர் ரேவதி வீரமணி. பள்ளிப் போட்டிகளில் வெறுங்காலோடு ஓடியவர். பயிற்சியாளர் கண்ணன் கண்ணில் பட்டு, இந்த மைதானத்தில் பயிற்சி பெற்று, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அவர் ஓடிய தூரம் வேறு, மாரத்தான் வேறு. ஆனால், தினமும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வந்து நிற்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

400 மீட்டர் டிராக்கின் பெரிய லாபம், வேகத்தைத் துல்லியமாகக் கற்றுக்கொள்ளலாம். முழு மாரத்தானை 5 மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர் ஒரு கிலோமீட்டரை 7 நிமிடம் 6 விநாடியில் ஓட வேண்டும். அதாவது ஒரு சுற்றுக்கு சுமார் 2 நிமிடம் 50 விநாடி. இந்த வேகம் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடும் வேகமா என்பதை நாலு சுற்றிலேயே கண்டுபிடித்துவிடலாம். பேச முடியவில்லை என்றால், அது உங்கள் மாரத்தான் வேகம் அல்ல.

இரண்டாவது, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் வெட்டிய இந்தக் குளம் ஏறத்தாழ 305 மீட்டர் நீளம், 290 மீட்டர் அகலம். கரையை ஒட்டி ஒரு சுற்று வந்தால் சுமார் 1.2 கிலோமீட்டர். 18 சுற்று ஓடினால் அரை மாரத்தான் தூரத்தைத் தாண்டிவிடலாம். விடியற்காலையிலேயே நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுவதால் தனியாக ஓடும் பயமில்லை. நடுவே மைய மண்டபம், காற்று, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில். பாதி வழியில் முடியாமல் போனாலும் வண்டி அருகிலேயே நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

கொஞ்சம் பழகியவர்களுக்கு வைகைக் கரைச் சாலைகள். ஞாயிற்றுக்கிழமை கரடுமுரடான தரை வேண்டுமென்றால், மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலை. தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான இடம். அங்கே ஓடுகிறவர்கள் மலை மேலிருக்கும் சமணச் சிற்பங்களையும் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அது சட்டமில்லை, ஆனால் பார்க்காமல் வந்தால் மனசு கேட்காது!

அழகர் சாலையைப் படிக்கலாம் வாங்க

இனி நெடுந்தூரம். அழகர்கோயில் சாலையை ஒரேயடியாக விழுங்கப் பார்க்காதீர்கள். அழகரைப் போல மண்டபம் மண்டபமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேறு வேறு வாரங்களில் ஒவ்வொரு துண்டாக ஓடிப் பார்ப்பது நல்லது.

முதல் துண்டு, தல்லாகுளம் முதல் மூன்றுமாவடி வரை. தமுக்கம் மைதானம், மாநகராட்சி அலுவலகம், பெருமாள் கோயில், புதூர் என்று முழுக்க நகரம். (தமுக்கத்திலிருந்து தொடங்கினால் அழகர்கோயில் வரை 21-க்குச் சில கிலோமீட்டர் குறையும்.) தெருவிளக்கு உண்டு, கடைகள் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு. இங்கே ஆபத்து இரண்டு. ஒன்று, காலியான சாலை என்று நினைத்து வளைந்து வரும் ஆட்டோக்களும் முதல் பஸ்களும். இன்னொன்று, உங்கள் உற்சாகம். உடம்பு புத்தம் புதிதாக இருக்கும், காற்று குளிர்ச்சியாக இருக்கும், கால் தானாகப் பறக்கும். லெர்முசியோவுக்கு நடந்தது நினைவிருக்கட்டும். இந்தத் துண்டில் உங்களை நாலு பேர் முந்திப் போனால், சிரித்துக்கொண்டே வழிவிடுங்கள்.

இரண்டாவது துண்டு, மூன்றுமாவடி தாண்டி கடச்சனேந்தல், அப்பன் திருப்பதி. வீடுகள் குறைய ஆரம்பிக்கும். வலப்பக்கம் யானைமலை படுத்திருக்கும். விடிகிற நேரத்தில் அந்த யானையின் முதுகுக்குப் பின்னால் வானம் வெளுப்பதைப் பார்ப்பதற்காகவே சிலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஓடி ஸ்பீட் பிரேக்கரில் தடுக்கி விழுந்தால் பயிற்சி மூன்று வாரம் தள்ளிப் போகும். எந்த இடத்தில் ஸ்பீட் பிரேக்கர், எந்த இடத்தில் சாலையோர மண் சரிவு, எந்தத் தெருவில் நாய்கள் கூட்டமாக எழுந்து வரும் என்று மனதில் குறித்துக்கொள்வதே இந்தத் துண்டின் பாடம். நாய்கள் துரத்தினால் ஓடக் கூடாது, நின்று மெதுவாக நடந்து கடக்க வேண்டும். ஓட வந்த இடத்தில் நடக்கச் சொல்கிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம். கடி வாங்குவதைவிட அது மேல்.

மூன்றாவது துண்டு, அப்பன் திருப்பதியிலிருந்து கள்ளந்திரி, பொய்கைக்கரைப்பட்டி வழியாக அழகர்கோயில். இது வயல்காடு. கள்ளந்திரியில் பெரியாறு பாசனக் கால்வாய். 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து வந்து, வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து இங்கே வந்து சேர்கிறது. தண்ணீர் ஓடும் மாதங்களில் இந்த இடத்தைக் கடக்கும்போது வீசும் காற்றே தனி. அடுத்து பொய்கைக்கரைப்பட்டித் தெப்பக்குளம். பிறகு கோட்டைச் சுவர். கடைசியில், சாத்திய கதவுக்குச் சந்தனம் சாத்தி வழிபடும் பதினெட்டாம்படி கருப்பணசாமி சன்னதி.

இந்தத் துண்டில் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. மலையை நோக்கிப் போகும்போது தரை கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல உயர்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. கால்களுக்குத் தெரியும். திரும்பி வரும்போது அதே சரிவு உதவிக்கு வரும். ஆனால், அப்போது வெயில் ஏறியிருக்கும். ஆக, போகும்போது ஏற்றம், வரும்போது வெயில். இதை முன்பே தெரிந்து வைத்திருப்பவர், முதல் பாதியில் கடிகாரம் சொல்வதைவிட மெதுவாகப் போனாலும் பதறமாட்டார்.

ஏற்றப் பயிற்சி வேண்டுமென்றால், அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்ச்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் போகும் மலைச் சாலை இருக்கிறது. கோயிலுக்குப் பகலில் நடந்து ஏறுகிற பக்தர்கள் உண்டு. கையில் வாழைப்பழம் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே குரங்குகளின் ராஜ்ஜியம்!

தனியாக, இருட்டில், இந்தச் சாலையில் ஓடக் கூடாது. இரண்டு பேராவது சேர்ந்து போக வேண்டும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, சாலையின் வலது ஓரமாக ஓட வேண்டும். ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டையும், தலையிலோ கையிலோ ஒரு சிறு விளக்கும் கட்டாயம். வீட்டில் இருப்பவர்களிடம் எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வளைவில் ஒளிந்திருக்கும் மீட்டர்கள்

பந்தயப் பாதையை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? கார் மீட்டரிலோ செல்போனிலோ அல்ல. சைக்கிளில்! முன்சக்கரத்தில் சுழற்சியை எண்ணும் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, எஃகு நாடாவால் அளந்த நேர்ச்சாலையில் அதைச் சரிபார்த்து, பிறகு முழுப் பாதையையும் ஓட்டி அளக்கிறார்கள். ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில், வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அந்தச் சைக்கிள் போகும். எக்காரணத்தாலும் தூரம் குறைந்துவிடக் கூடாது என்று, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். முழு மாரத்தானில் அது சுமார் 42 மீட்டர்.

அதனால்தான் பலருடைய கைக்கடிகாரம் பந்தய முடிவில் 42.195-க்குப் பதில் 42.6, 42.8 என்று காட்டுகிறது. "தூரத்தைக் கூட்டி வெச்சுட்டாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டாம். பெரும்பாலும் நாம்தான் வளைவுகளில் அகலமாகச் சுற்றி ஓடியிருப்போம்.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தேரோட்டம் போதும். மாசி வீதிகளில் தேர் வரும்போது நேர் வீதியில் வடம் பிடிப்பது ஒரு வேலை என்றால், முக்குத் திரும்புவது வேறு வேலை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டு, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். அந்த முக்கில்தான் அனுபவம் தெரியும். ஓட்டத்திலும் அப்படித்தான். ஒரு நேர்கோணத் திருப்பத்தில் உள்பக்க ஓரத்திலிருந்து 7 மீட்டர் தள்ளி ஓடினால் சுமார் 11 மீட்டர் கூடுகிறது. இப்படி 20 திருப்பம் என்றால் 220 மீட்டர். 5 மணி நேர ஓட்டக்காரருக்கு அது ஒன்றரை நிமிடம். முன்னால் வரும் வளைவைப் பார்த்து, முன்கூட்டியே அதன் உள்பக்கத்தை நோக்கி நேர்கோட்டில் நகர்ந்தால் இந்த ஒன்றரை நிமிடம் மிச்சம். ஆனால், இந்த வித்தை போக்குவரத்தை நிறுத்திய பந்தய நாளில் மட்டும். பயிற்சி நாளில் ஓரம்தான் நமக்கு.

தண்ணீர் பீய்ச்சும் தத்துவம்

சித்திரை வெயிலில் அழகருக்கு முன்னால் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வேண்டுதல்தான். ஆனால், நெருக்கியடிக்கும் கூட்டத்துக்கு அந்தத் தண்ணீர் எவ்வளவு இதம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்டகப்படிகளில் நீர்மோர், பானகம். பந்தயப் பாதையில் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை வைக்கும் தண்ணீர் மேசைகள் இந்த மண்டகப்படிகளின் பேரப்பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

மதுரையில் சூரியன் உதிப்பது ஆண்டு முழுக்க ஏறத்தாழ 6 மணிக்கும் 6.40-க்கும் இடையில். அதிகாலை 4.30-க்குக் கிளம்பும் 5 மணி நேர ஓட்டக்காரர் முடிப்பது 9.30-க்கு. ஆக, ஓட்டத்தின் கடைசி மூன்று மணி நேரம் வெளிச்சத்தில், அதில் பாதி நல்ல வெயிலில். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தான்கூட முழு தூரத்தை அதிகாலை 4 மணிக்கே தொடங்கிவிடுவது இதனால்தான். அங்கே இன்னொரு வித்தியாசம், கடற்கரை ஈரக் காற்று. மதுரையில் வியர்வை சீக்கிரம் காயும். சென்னையில் காயாமல் உடம்பிலேயே வழியும். காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. மதுரையில் பழகி சென்னைக்குப் போகிறவர்கள் முதல் பத்து கிலோமீட்டரில் தங்கள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். பந்தயம் 8 மணிக்கு மேலும் நீளும் என்றால், பயிற்சியில் சில நாட்களாவது அந்த நேரத்தில் மெதுவாக ஓடிப் பழக வேண்டும். ஏசி அறையில் டிரெட்மில்லில் மட்டுமே ஓடிவிட்டு வந்தால் சாலை மன்னிக்காது.

தண்ணீர் குடிப்பதிலும் அளவு உண்டு. குறைவாகக் குடித்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகமாகக் குடித்தாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 13 சதவிகிதம் பேருக்கு ரத்தத்தில் உப்புச் சத்து அளவுக்கு மேல் குறைந்திருந்தது. வழி நெடுக அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடியுங்கள். வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்புப் போட்ட நீர்மோர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். தலையிலும் பிடரியிலும் தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள்.

தலைசுற்றல், குமட்டல், நெஞ்சு வலி, பேச்சுக் குழறல், திசை தெரியாத தடுமாற்றம் — இதில் ஒன்று வந்தாலும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. வெயிலில் சுருண்டவரை நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டுக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

பரோட்டாவா, இட்லியா?

முழு மாரத்தானுக்கு, ஏற்கெனவே ஓடிப் பழகியவருக்கே 16 முதல் 18 வாரப் பயிற்சி தேவை. வாரத்தில் மூன்று நாட்கள் சாதாரண ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூரம். அந்த நெடுந்தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, 30 அல்லது 32 கிலோமீட்டரில் நிறுத்திவிட வேண்டும். பயிற்சியில் 42 ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு, மூன்று வாரங்களில் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இந்த வாரங்களில்தான் பலருக்கு "போதுமா, இன்னும் ஒரு தடவை ஓடிப் பார்க்கலாமா?" என்று கை கால் பரபரக்கும். பரீட்சைக்கு முந்தின இரவு புதுப் பாடம் படிக்கிற மாதிரிதான் அது.

உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து பெரும்பாலானவர்களுக்கு 30 முதல் 35 கிலோமீட்டருக்குள் தீர்ந்துவிடும். அப்போது சுவரில் மோதினாற்போல் கால்கள் நின்றுவிடும். அதைத் தள்ளிப்போட, ஓடும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கடையில் விற்கும் ஜெல்தான் வேண்டும் என்றில்லை. வாழைப்பழம், பேரீச்சம்பழம், பானகம் எல்லாம் பயன்படும். எதுவானாலும், பயிற்சியில் சாப்பிட்டுப் பழகியதை மட்டுமே பந்தயத்தில் சாப்பிட வேண்டும்.

தூங்கா நகரத்தில் இது ஒரு சோதனை. பந்தயத்துக்கு முந்தின இரவு பரோட்டாக் கடை தோசைக்கல் சத்தம் கேட்கும். கறிதோசை மணக்கும். ஜிகர்தண்டா கூப்பிடும். எண்ணெயும் காரமும் கொழுப்பும் அன்றிரவு வேண்டாம். சோறு, இட்லி, இடியாப்பம் என்று எளிதாகச் செரிப்பது போதும், அதுவும் எட்டு மணிக்குள். காலையில் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ வாழைப்பழமோ. ஜிகர்தண்டா எங்கும் ஓடிப்போகாது. மெடலோடு போய்க் குடிக்கலாம்.

முந்தின நாள் செய்ய வேண்டியவை

* வெளியூர்ப் பந்தயம் என்றால் ஒரு நாள் முன்பே போய், பஸ்ஸிலோ ஆட்டோவிலோ பாதையின் கடைசி 10 கிலோமீட்டரையாவது பாருங்கள். களைத்துப்போய் ஓடப்போகும் பகுதி அதுதான்.

* தண்ணீர் மேசை, மருத்துவ உதவி, கழிப்பறை எந்தெந்தக் கிலோமீட்டரில் என்று வரைபடத்தில் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

* பந்தய எண் அட்டையின் பின்பக்கம் ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண், ஏதாவது மருந்து ஒவ்வாமை இருந்தால் அது. மறக்கவே கூடாது.

* புது ஷூ, புது சாக்ஸ், புது பனியன் எதுவும் வேண்டாம். குறைந்தது ஒரு நெடுந்தூர ஓட்டத்தையாவது பார்த்த ஷூவே நல்ல ஷூ.

* பார்க்க வரும் குடும்பத்தினரை முடிவுக் கோட்டில் மட்டும் நிறுத்தாதீர்கள். 30-வது கிலோமீட்டரைத் தாண்டி ஓரிடத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் மோரும், ஒரு தெரிந்த முகமும் அங்கேதான் அதிகம் தேவைப்படும்.

பந்தயம் தொடங்கியதும் 42 கிலோமீட்டரை மொத்தமாக நினைக்க வேண்டாம். அடுத்த தண்ணீர் மேசை வரை மட்டும் ஓடுங்கள். பிறகு அதற்கடுத்தது. அழகர்கோயில் சாலையில் நடக்கும் பக்தர்களிடம் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், மதுரைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அவர்கள் சொல்வதில்லை. "அடுத்த மண்டபம் வந்துருச்சு, வாங்க" என்பார்கள்.